காலியிடம் ஒன்று

லிப்டம்மா: இரு, இரு... ஆரம்பிச்சுடாதே. கண்ணாடியைத் தேடறேன்.

காலாண்டு: போன்ல பேசறதுக்குக் கண்ணாடி எதுக்கும்மா?

லிப்டம்மா: கண்ணாடி போட்டாத்தான் எனக்குக் காது நல்லா கேக்கும். ம்... கிடைச்சுது. தலைமேலயே இருந்திருக்கு. இப்ப சொல்லு, யாரு பேசறது?

காலாண்டு: தெரிஞ்சுக்கிட்டே கேக்கறீங்க. தொழிலாளர் துறை, வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு...

லிப்டம்மா: மூணு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம கூப்பிட்டு, அதே கேள்வியை அதே குரல்ல கேக்கற ஆளு. என் கடையில உனக்கு என்ன பேரு வெச்சிருக்காங்க தெரியுமில்ல?

காலாண்டு: காலாண்டு. போன தடவை 'காலாண்டு கூப்பிடறான், வெல்டிங்கை நிறுத்துங்கடா'ன்னு நீங்க கத்தினது எனக்கே கேட்டுச்சு.

லிப்டம்மா: கேட்டுடுச்சா? சரி விடு. உங்க ஆபீஸ்ல எனக்கு என்ன பேரு?

காலாண்டு: லிப்டம்மா.

லிப்டம்மா: அது ஊரே கூப்பிடறது. அது சரி, இந்தத் தடவை காலாண்டு பத்து நாள் தள்ளி வந்திருக்கே?

காலாண்டு: அது... கொஞ்சம் வேலை ஜாஸ்திம்மா.

லிப்டம்மா: அப்படியா.

காலாண்டு: ஆமாம்மா. முதல் கேள்வி. நிறுவனத்தோட தொழில்...

லிப்டம்மா: லிப்ட் ரிப்பேர். நாலு வருஷமா உனக்கு அதேதான் சொல்றேன். நடுவுல பூக்கடைக்கு மாறலை.

காலாண்டு: கேக்கணும்கறது விதிம்மா.

லிப்டம்மா: விதிப்படியே கேளு, யாரு வேண்டாம்னா? ஆனா இன்னைக்கு உன் பின்னாடி சத்தமே காணோமே. எப்பவும் சந்தை மாதிரி இருக்குமே, ஐம்பது பேரு சேர்ந்து 'உங்கள் நிறுவனத்தில்... உங்கள் நிறுவனத்தில்'னு.

காலாண்டு: எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்கம்மா.

லிப்டம்மா: பத்தரை மணிக்கா?

காலாண்டு: டீ சாப்பிட.

லிப்டம்மா: ஓ. யாரோ பாத்திரம் தேய்க்கற மாதிரி இருக்கே?

காலாண்டு: டீ குடிச்சா டம்ளர் கழுவணுமில்லம்மா... ரெண்டாவது கேள்வி. மொத்தம் எத்தனை பேர் வேலை பாக்கறீங்க?

லிப்டம்மா: அஞ்சு. ரெண்டு மெக்கானிக், ஒரு வெல்டர், கணக்கு எழுதற அம்மா, அப்புறம் நான். என்னை முழு ஆளா எழுதிக்கோ, முட்டி வலின்னு அரை ஆளா போட்டுடாதே.

காலாண்டு: முழுசாவே போட்டுட்டேன். கடைசி மூணு மாசத்துல யாராவது விட்டுப் போனாங்களா?

லிப்டம்மா: இல்ல.

காலாண்டு: புதுசா யாராவது?

லிப்டம்மா: இல்ல.

காலாண்டு: காலியிடம்?

லிப்டம்மா: ஒண்ணு.

காலாண்டு: லிப்ட் மெக்கானிக்.

லிப்டம்மா: லிப்ட் மெக்கானிக். நீயே பதிலும் சொல்லிட்டா நான் எதுக்கு?

காலாண்டு: ஏழு தடவையா அதேதானேம்மா. இருபத்தோரு மாசமா ஒரே இடம் காலியா இருக்கு. இத்தனை நாள் காலியா இருக்கற இடம் எங்க கணக்குலயே ரொம்பக் கம்மி.

லிப்டம்மா: பரிசு ஏதாவது உண்டா?

காலாண்டு: பரிசு இல்லம்மா, கேள்விதான் உண்டு.

லிப்டம்மா: இரு, முதல்ல நான் ஒண்ணு கேக்கறேன். அந்தப் பட்டியல் வந்துடுச்சா? ஆள் தேவைப்படற வேலைன்னு வருஷா வருஷம் ஒட்டுவீங்களே, ஸ்கூல் சுவத்துலகூட.

காலாண்டு: வந்துடுச்சும்மா. ஐம்பது வேலை. முதல் இடம் நர்ஸ். ரெண்டாவது வீட்டுக்கு வீடு பார்சல் கொண்டுபோறவங்க. மூணாவது வயசானவங்களைப் பாத்துக்கறவங்க.

லிப்டம்மா: நம்மாளு?

காலாண்டு: ஒன்பது. போன வருஷம் பதினாலு.

லிப்டம்மா: பாத்தியா! என் ஒரு இடத்தாலதான் அஞ்சு படி ஏறியிருக்கு.

காலாண்டு: உங்களை மாதிரி இருநூறு கடை இருக்கும்மா. கட்டடமெல்லாம் மேல மேல போகுது. ஏறிப்போக ஆள் இருக்கு, ஏத்திவிடற மிஷினைப் பாத்துக்க ஆள் இல்ல. பட்டியல்ல வந்தா படிப்புக்குக் கட்டணம் இல்லைன்னு ஆக்கறாங்க, சாயங்கால வகுப்பு நடத்தறாங்க. அப்படியும் சேர்றவங்க கம்மி.

லிப்டம்மா: ஏனாம்?

காலாண்டு: குழியில இறங்கணும், கிரீஸ்ல புரளணும். இன்டர்நெட் கடையில உட்கார்ந்தா சட்டை கசங்காதுன்னு நினைக்கறாங்க.

லிப்டம்மா: அதுவும் சரிதான். போன்ல கேள்வி கேக்கற வேலை எத்தனையாவது?

காலாண்டு: எது?

லிப்டம்மா: உன் வேலைப்பா.

காலாண்டு: அது... இந்தப் பட்டியல்ல இல்லம்மா. இன்னொரு பட்டியல் இருக்கு.

லிப்டம்மா: அது என்ன பட்டியல்?

காலாண்டு: குறைஞ்சுக்கிட்டே வர்ற வேலைகள். அதைச் சுவத்துல ஒட்டமாட்டாங்க.

லிப்டம்மா: ம்...

காலாண்டு: அஞ்சாவது கேள்விம்மா. இடம் ஏன் நிரம்பலை? ஆள் வரலையா, அனுபவம் போதலையா, சம்பளம் ஒத்து வரலையா, மற்றவையா?

லிப்டம்மா: மற்றவை.

காலாண்டு: ஏழு தடவையும் மற்றவைதான் சொன்னீங்க. இந்தத் தடவை மற்றவைன்னா என்னன்னு எழுதணும்.

லிப்டம்மா: மற்றவைன்னா மற்றவை. அதுக்கு மேல என்னத்தை எழுதறது?

காலாண்டு: ஆளுங்க வந்தாங்களா, இல்லையா?

லிப்டம்மா: வந்தாங்க. பதினொரு பேரு.

காலாண்டு: பதினொரு பேரா! ஒருத்தர்கூடத் தேறலையா?

லிப்டம்மா: ஒருத்தன் ஷூ ரொம்பப் பளபளன்னு இருந்துச்சு.

காலாண்டு: அது ஒரு தப்பா?

லிப்டம்மா: இன்னொருத்தன் வாய்க்குள்ளயே பாடிக்கிட்டிருந்தான். ஒருத்தன் ஏணியில மூணு படி ஏறிட்டுக் கீழ பாத்துச் சிரிச்சான். ஒருத்தனுக்கு அடுத்த மாசம் கல்யாணம்.

காலாண்டு: அம்மா, இதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?

லிப்டம்மா: அதான் மற்றவைன்னு... இரு தம்பி, சிவப்பு போன் அடிக்குது. லிப்டுக்குள்ள ஒட்டியிருக்கிற நம்பர். இதை எடுக்காம விட முடியாது.

காலாண்டு: நான் அப்புறமா கூப்பிடட்டுமா?

லிப்டம்மா: வெச்சுடாதே. ரெண்டையும் ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல பக்கத்துல வெக்கறேன். ஹலோ, லிப்ட் சர்வீஸ்.

பார்சல்காரர்: ஹலோ! லிப்டு நின்னுடுச்சுங்க! நட்ட நடுவுல நின்னுடுச்சு!

லிப்டம்மா: பதறாதீங்க. எந்தக் கட்டடம்?

பார்சல்காரர்: பேரெல்லாம் தெரியாதுங்க, பார்சல் போட வந்தேன். நீலப் பெயின்ட் அடிச்சது, கீழ மருந்துக்கடை இருக்கு.

லிப்டம்மா: தெரியும், தெரியும். ஏழு மாடி, கிரில் கதவு. உள்ள நீங்க மட்டும்தானா?

பார்சல்காரர்: நான் மட்டும்தான். எதிர்ல பாதி சுவரு தெரியுது, பாதி நாலாவது மாடி தெரியுது. இந்தக் கதவை இழுத்துத் திறந்துட்டு எகிறிக் குதிச்சிடட்டுமா?

லிப்டம்மா: தொடாதீங்க! பின்னாடி சுவர்ல சாஞ்சு நில்லுங்க. லைட் எரியுதா? ஃபேன் ஓடுதா?

பார்சல்காரர்: எரியுது, ஓடுது. ஆனா கயிறு... அறுந்து கிறுந்து...

லிப்டம்மா: நாலு கயிறு இருக்கு. உங்களைத் தாங்க ஒண்ணே போதும்.

பார்சல்காரர்: நான் எண்பத்தெட்டு கிலோங்க.

லிப்டம்மா: ஒண்ணே போதும். எங்கயோ ஒரு மாடியில கிரில் சரியா சாத்தலை, அதான் நின்னிருக்கு. என் மெக்கானிக் ரெண்டு பேரும் ஊரோட அந்தக் கோடியில இருக்காங்க, வர முக்கால் மணி நேரம் ஆகும். அதுக்குள்ள வாட்ச்மேனை வெச்சே பாத்துடறேன். தம்பி!

காலாண்டு: சொல்லுங்கம்மா.

லிப்டம்மா: நான் உள்ள போய் லேண்ட்லைன்ல வாட்ச்மேனைப் பிடிக்கறேன். நீ இவர்கூடப் பேசிக்கிட்டிரு. கதவுல கை வெக்கவிடாதே.

காலாண்டு: சரிம்மா. ஐயா, கேக்குதா?

பார்சல்காரர்: நீங்க யாருங்க?

காலாண்டு: நான் கணக்கெடுக்கறவன்.

பார்சல்காரர்: லிப்டுல மாட்டினவங்களையா?

காலாண்டு: இல்லைங்க, வேலைவாய்ப்புக் கணக்கு. கையில என்ன வெச்சிருக்கீங்க?

பார்சல்காரர்: மேசை விசிறி. ஏழாவது மாடியில ஒரு அம்மா. மூணாவது தடவையா மாத்திக் கேக்கறாங்க. கலர் பிடிக்கலையாம்.

காலாண்டு: அதைக் கீழ வெச்சுட்டு நீங்களும் உட்காருங்க. உட்கார்ந்துட்டீங்களா?

பார்சல்காரர்: உட்கார்ந்துட்டேன். மூச்சு ஒரு மாதிரியா இருக்குங்க.

காலாண்டு: மேல கம்பி வழியா காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும், காத்து தீராது. நெஞ்சு படபடங்குதே, அதனாலதான் அப்படித் தெரியுது. இன்னைக்கு இன்னும் எத்தனை பார்சல் பாக்கி?

பார்சல்காரர்: பதினாலு.

காலாண்டு: உங்க கிடங்குல மொத்தம் எத்தனை பேர் வேலை பாக்கறீங்க?

பார்சல்காரர்: இருபத்தாறு பேரு இருந்தோம். இந்த மூணு மாசத்துல நாலு பேரு போயிட்டாங்க.

காலாண்டு: ஏன் போனாங்க?

பார்சல்காரர்: முழங்கால்தான். எல்லாக் கட்டடத்துலயும் லிப்டு இல்லைங்களே. இருக்கறதும்... பாத்தீங்களா.

காலாண்டு: உங்க வேலைக்கு இந்த வருஷப் பட்டியல்ல ரெண்டாவது இடம், தெரியுமா?

பார்சல்காரர்: எதுல ரெண்டாவது?

காலாண்டு: ஆள் வேணும் வேணும்னு எல்லாரும் தேடற வேலைகள்ல.

பார்சல்காரர்: ரெண்டாவதா! வீட்டுல சொன்னா நம்பமாட்டாங்க. 'நீ இல்லைன்னா இன்னொருத்தன்'னு எங்க மேனேஜர் தினம் சொல்றாரே?

காலாண்டு: அந்த இன்னொருத்தனைத்தான் தேடிக்கிட்டிருக்காங்க, கிடைக்கலை. ஐயா, ஏதோ கம்பி ஆடற சத்தம் கேக்குதே. கதவைத் தொடறீங்களா?

பார்சல்காரர்: சும்மா... லேசா...

காலாண்டு: கையை எடுங்க. மேனேஜர் கேட்டா நான் சொல்றேன், ரெண்டாவது இடத்துல இருக்கறவர் கொஞ்சம் ஓய்வெடுத்தார்னு.

பார்சல்காரர்: ஹ... நல்ல ஆளுங்க நீங்க. எடுத்துட்டேன்.

லிப்டம்மா: தம்பி, கண்டுபிடிச்சாச்சு. ஆறாவது மாடி. வீடு காலி பண்றவங்க அவசரத்துல கிரில்லைப் பிடிச்சு இழுத்திருக்காங்க. ஒரு விரல் அளவு திறந்து நிக்குது. கம்பி வளைஞ்சிருக்கு. வாட்ச்மேன் கையை விட்டு நிமிர்த்திச் சாத்திடறேங்கறான்.

காலாண்டு: அம்மா, கையை விட வேண்டாம்னு சொல்லுங்க! முதல்ல மெயினை ஆஃப் பண்ணணும்.

லிப்டம்மா: சொல்லாம இருப்பேனா? மேல மோட்டார் ரூம்ல போய் ஆஃப் பண்ணிட்டுத்தான் தொடணும்னு சொல்லியிருக்கேன்.

காலாண்டு: அது மட்டும் போதாதும்மா. ரூமைப் பூட்டி, சாவியை அவர் தன் பாக்கெட்டுலயே போட்டுக்கணும். இவர் கையை விட்டுக்கிட்டிருக்கும்போது, லிப்டு வரலைன்னு வேற யாராவது மேல போய் மெயினைப் போட்டுட்டா?

லிப்டம்மா: சாவியை... பாக்கெட்டுல...

காலாண்டு: அம்மா? லைன்ல இருக்கீங்களா?

லிப்டம்மா: இருக்கேன்... இருக்கேன். பூட்டச் சொல்றேன்.

காலாண்டு: ஐயா, இப்ப லைட்டு, ஃபேனு எல்லாம் அணையும். பயப்படாதீங்க, நாங்கதான் அணைக்கறோம். உங்களைக் கொண்டுவர்றதுக்காகத்தான்.

பார்சல்காரர்: ஐயோ... அணைஞ்சுடுச்சு!

காலாண்டு: சரியான நேரத்துக்கு அணைஞ்சிருக்கு. உங்க பதினாலு பார்சலும் எந்தெந்தத் தெருன்னு வரிசையா சொல்லுங்க பாப்போம்.

பார்சல்காரர்: இப்பவா? மருந்துக்கடைத் தெருவுல ரெண்டு... பேங்க் பின்னாடி ஒண்ணு... ஸ்கூல் எதிர்ல மூணு... அப்புறம்... ஒரு டாக்டரம்மா வீட்டுக்குக் குழந்தைச் சைக்கிள்... லைட்டு வந்துடுச்சு! லைட்டு வந்துடுச்சுங்க!

லிப்டம்மா: கிரில் சாத்தியாச்சு. ஏழாம் நம்பர் பட்டனை அமுக்குங்க.

பார்சல்காரர்: போகுது... போகுது! அஞ்சு... ஆறு... ஏழு. வந்துட்டேன்! அந்தம்மா வாசல்லயே நிக்கறாங்க. இந்தாங்கம்மா விசிறி... ஏங்க, இந்தத் தடவையும் கலர் பிடிக்கலையாமுங்க!

லிப்டம்மா: அதுக்கு எங்ககிட்ட ரிப்பேர் இல்ல.

பார்சல்காரர்: ரொம்ப நன்றிங்க. அந்தக் கணக்குக்காரருக்கும் சொல்லிடுங்க. நான் படியிலயே இறங்கிக்கறேன்.

லிப்டம்மா: சாயங்காலம் ஆள் வந்து கம்பியை மாத்திடுவாங்க. பாத்துப் போங்க... வெச்சுட்டார். தம்பி, இருக்கியா?

காலாண்டு: இருக்கேம்மா.

லிப்டம்மா: சாவி விஷயம் உனக்கு யார் சொன்னா?

காலாண்டு: கேள்விப்பட்டதுதாம்மா.

லிப்டம்மா: எங்க கேள்விப்பட்டே?

காலாண்டு: நாலு வருஷமா உங்களை மாதிரி ஆளுங்ககூடப் பேசறேனே. இன்னும் ஒரு கேள்விதாம்மா பாக்கி. கேட்டுடட்டுமா?

லிப்டம்மா: கேளு.

காலாண்டு: 'தகுதியான ஆள் வந்தால், முப்பது நாளுக்குள் அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறீர்களா?' ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு.

லிப்டம்மா: இந்தக் கேள்வியை நீ இதுக்கு முன்னாடி கேட்டதே இல்லையே.

காலாண்டு: எப்பவும் உண்டும்மா. உங்ககிட்ட மட்டும் நான் கேக்கறதில்லை.

லிப்டம்மா: ஏன்?

காலாண்டு: நீங்க 'இல்லை'ன்னு சொல்லிட்டா, அது காலியிடமே இல்லைன்னு ஆயிடும். எங்க கணக்குல அப்படித்தான். நாற்காலி காலியா இருந்தா மட்டும் பத்தாது, ஆளை உட்கார வெக்க மனசும் இருக்கணும்.

லிப்டம்மா: மனசுன்னா எழுதியிருக்காங்க, படிவத்துல?

காலாண்டு: அது நான் சேர்த்தது.

லிப்டம்மா: ம்... நீ என் பையன்கூட ஒரு தடவை பேசியிருக்கே, ஞாபகம் இருக்கா? முதல் வருஷம். நான் வெளிய போயிருந்தப்போ.

காலாண்டு: இருக்கும்மா. 'எங்கம்மாவைக் கேட்டாத்தான் சரியா சொல்வாங்க, எனக்கு லிப்ட் மட்டும்தான் தெரியும்'னு சொன்னார். இப்ப வெளிநாட்டுல பெரிய கம்பெனியில இருக்கார்னு சொன்னீங்களே.

லிப்டம்மா: வெளிநாடும் இல்ல, கம்பெனியும் இல்ல. ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி ஒரு பேக்கரியில ரொட்டி போடறான்.

காலாண்டு: பேக்கரியிலயா?

லிப்டம்மா: ஊர்ல எல்லார்கிட்டயும் வெளிநாடுன்னு சொல்லி வெச்சேன். அந்த இடம் அவனோடது தம்பி. இருபத்தோரு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஆஸ்பத்திரி லிப்டு. கீழ குழியில அவன் இருந்தான். மேல மோட்டார் ரூம்ல நான் பிரேக்கைப் பாத்துக்கிட்டிருந்தேன். அவன் வெளிய வந்துட்டான்னு நினைச்சேன். ஒரு குரல் கொடுத்துக் கேட்டிருக்கலாம். கேக்கலை.

காலாண்டு: மெயினை...

லிப்டம்மா: நான்தான் போட்டேன். இந்தக் கையாலதான். லிப்டு இறங்கி, அவன் மேல ஒரு முழம் இடைவெளி விட்டு நின்னுச்சு. பக்கத்துல தாங்கறதுக்கு ஸ்பிரிங் இருக்கும், அது பிடிச்சுக்கிச்சு. ஒரு கீறல் இல்ல. ஆனா நாங்க லிப்டை மேல தூக்கற வரைக்கும் இருட்டுல படுத்தே கிடந்தான். வெளிய வந்து என்னை ஒரு வார்த்தை திட்டலை. கையைத் துடைச்சுக்கிட்டு, டூல்ஸ் பெட்டியை மூடி வெச்சுட்டுப் போனான். அதோட சரி.

காலாண்டு: அவர் திரும்பி வருவார்னுதான் யாரையும் எடுக்கலையா?

லிப்டம்மா: வரமாட்டான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். போன மாசம் சூடா ஒரு ரொட்டி எடுத்துட்டு வந்தான். 'அம்மா, எனக்கு இது பிடிச்சிருக்கு. என் இடத்துக்கு ஆள் போடு'ன்னான். நல்லாத்தான் இருந்துச்சு ரொட்டி.

காலாண்டு: அப்புறம் ஏம்மா அந்தப் பதினொரு பேரும்...

லிப்டம்மா: ஷூவாவது, பாட்டாவது! வந்து நிக்கற ஒவ்வொருத்தன் முகத்தைப் பாத்தாலும் அந்தக் குழிதான் தெரியுது. என் பிள்ளைக்கே குரல் கொடுக்க மறந்தவ, அடுத்த வீட்டுப் பிள்ளையை எந்த தைரியத்துல கீழ இறக்குவேன்? எங்க ரெண்டு பழைய மெக்கானிக்கையும் நான் குழியில இறங்க விடறதில்லை, இன்னொருத்தர் மெயின் பக்கத்துலயே நிக்காம. அதனால ஒரு ஆள் வேலையை ரெண்டு பேர் பாக்கறாங்க. பாதிக் கட்டடத்தை விட்டுட்டேன்.

காலாண்டு: பாதிக் கட்டடத்தையா!

லிப்டம்மா: எழுதிக்கிட்டியா? மற்றவைன்னா இதுதான். கட்டத்துல இடம் பத்துமா?

காலாண்டு: எழுதலைம்மா.

லிப்டம்மா: ஏன், பேனா எழுதலையா?

காலாண்டு: படிவமே இல்லம்மா.

லிப்டம்மா: கம்ப்யூட்டர்ல இருக்குமே.

காலாண்டு: கம்ப்யூட்டரும் இல்ல. அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா போனை வெச்சுடுவீங்க.

லிப்டம்மா: வெக்க மாட்டேன். சொல்லு.

காலாண்டு: இது கணக்கெடுப்பு இல்ல. போன மாசக் கடைசி வெள்ளிக்கிழமையோட என் வேலை போயிடுச்சு. ஐம்பது பேருக்கும். நான் வீட்டுலேருந்துதான் பேசறேன். பாத்திரம் தேய்க்கறது என் வீட்டுக்காரி.

லிப்டம்மா: ம்.

காலாண்டு: ஒரு வருஷமாவே பேச்சு இருந்துச்சு. குறைஞ்சுக்கிட்டே வர்ற வேலைகள்னு அந்தப் பட்டியலை டைப் அடிச்சதே நான்தாம்மா. எங்க வேலை அதுல இருபத்தி மூணாவது. எழுத்துப்பிழை இருக்கான்னு ரெண்டு தடவை சரிபாத்துக் கொடுத்தேன். அன்னைக்குச் சாயங்காலம் நேரா போய் லிப்ட் மெக்கானிக் வகுப்புல சேர்ந்தேன்.

லிப்டம்மா: ஒன்பதாவது இடம்னா?

காலாண்டு: நர்ஸ் முதல் இடம்மா, ரத்தம் பாத்தா எனக்குத் தலை சுத்தும். பட்டியலைப் பாத்து மட்டும் இல்ல... நாலு வருஷமா நூத்துக்கணக்கான கடைக்குப் பேசியிருக்கேன். வேலையைப் பத்திச் சொல்லும்போது குரல்ல ஒரு இது... உங்ககிட்டதான் கேட்டேன். வகுப்புல முதல் பாடமே சாவியைப் பாக்கெட்டுல போடறதுதான். சர்டிபிகேட் வாங்கிட்டேன். வகுப்புல எல்லாருக்கும் இருபது வயசு. எனக்கு நாற்பத்தொண்ணு. 'அங்கிள், கொஞ்சம் நகருங்க'ன்னுதான் சொல்வாங்க.

லிப்டம்மா: அப்போ நேரா வந்து வேலை கேக்கறதுதானே? எதுக்கு இந்தக் கேள்வி நாடகம்?

காலாண்டு: வந்தேம்மா. ஆபீஸ்ல இருக்கற வரைக்கும் கேக்கக் கூடாது, அது விதி. வேலை போன மறு வாரம் உங்க கடை எதிர்ல வந்து நின்னேன். உள்ள வரக் கால் எழும்பலை. போர்டுல இருந்த நம்பரை எழுதிக்கிட்டுத் திரும்பிட்டேன். அந்த இடம் நிஜமாவே இருக்கான்னு முதல்ல தெரிஞ்சுக்கலாம்னு... கணக்கெடுப்புன்னு சொல்லிக் கேட்டது தப்புதான். உங்க பையன் விஷயத்தைச் சொல்ல வெச்சது அதைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சுடுங்கம்மா. நான் வெச்சுடறேன்.

லிப்டம்மா: வெச்சியோ தெரியும்! நான் சொல்றதைக் கேளு. போன செவ்வாய்க்கிழமையே உங்க ஆபீஸ்லேருந்து ஒரு மிஷின் குரல் கூப்பிட்டு, எல்லாக் கேள்வியும் கேட்டு முடிச்சுடுச்சு. காலாண்டு எங்கன்னு கேட்டேன், அது 'தவறான பதில்'னுச்சு. அப்பவே உன் வேலை போயிடுச்சுன்னு எனக்குத் தெரியும். இன்னைக்கு நீ கணக்கெடுப்புன்னு ஆரம்பிச்சதும், எதுக்கோ தயங்கறே, வாயைத் திறக்கட்டும்னு நானும் பதில் சொல்லிக்கிட்டே இருந்தேன். பையன் விஷயத்தை நீ சொல்ல வெக்கலை, சாவின்னு நீ சொன்ன பிறகு நானாத்தான் சொன்னேன். இன்னொண்ணும் கேட்டுக்கோ. அந்த மிஷின், காலியிடம் இருந்தா ஒண்ணை அமுக்கு, இல்லைன்னா ரெண்டை அமுக்குன்னுச்சு. இனிமே யாரையும் எடுக்கறதில்லைன்னு நான் ரெண்டைத்தான் அமுக்கினேன். கவர்மென்ட்டுக்கு நான் சொன்னது பொய்யாயிடக் கூடாது, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்து அந்த இடத்துல சேர்ந்துடு.